எல்லைக்கோட்டில் நிற்கும் பெற்றோருக்கு

தென்கிழக்கு லண்டனில் பிள்ளைகளை றக்பிக்கு அனுப்புகின்ற, அனுப்பலாமா என்று யோசிக்கின்ற தமிழ்ப் பெற்றோருக்கு,

ஞாயிறு காலைகளில் மைதான ஓரத்தில் உங்களைக் காண்கிறேன். பிள்ளையை இறக்கிவிட்டுக் காருக்குள் இருக்கிறீர்கள். இல்லையென்றால் மற்றப் பெற்றோரிடமிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறீர்கள். தேநீர் மேசைக்கு வந்து காசைக் கொடுத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விடுகிறீர்கள். கேட்டால், "இது அவையின்ரை விளையாட்டு, நாங்கள் பிள்ளைக்காக வாறம்" என்று சொல்கிறீர்கள்.

யாருடைய விளையாட்டு என்ற கேள்விக்கு நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே 1858 முதல் ஒரு பதில் இருக்கிறது. எல்தமில் வெல் ஹோல் மைதானத்தில் இன்று ஆடிவரும் பிளாக்ஹீத் கழகத்தின் கதைதான் அது. உங்கள் பிள்ளை வேறு கழகத்தில் ஆடலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இந்த நாட்டின் ஊர்க்கழகங்கள் நடக்கும் பாதையை முதலில் வெட்டியவர்களில் பிளாக்ஹீத்காரரும் உண்டு என்பதால் அந்தக் கதை உங்களுக்கும் உரியது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு உதைபந்தும் துடுப்பாட்டமும் கரப்பந்தும்தான் தெரியும். றக்பி என்றால் அது கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பாடசாலைப் பிள்ளைகள் ஆடுவது. றோயலும் திரித்துவக் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்கு மோதும்போது பத்திரிகையில் படம் வரும். ஆனால் கழகம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணியைச் செருக்கித் துப்புரவாக்கி, கம்பம் நட்டு, வீடு வீடாகக் காசு சேர்த்துப் பந்து வாங்கிய அண்ணன்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிளாக்ஹீத்தும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது.

கிரீனிச் பூங்காவுக்குத் தெற்கே, மேட்டில் விரிந்து கிடக்கும் பொதுப் புல்வெளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் பிளாக்ஹீத் புரொப்பிரைட்டரி ஸ்கூல் என்றொரு பாடசாலை இருந்தது. அதன் பழைய மாணவர்கள் 1858இல் உதைபந்துக் கழகம் ஒன்றை அமைத்தார்கள். அன்று உதைபந்தும் றக்பியும் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒவ்வொரு விதி. டப்ளின் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன்பே கழகம் இருந்தது. எடின்பரோ அக்கடமியின் பழைய மாணவர்களுக்கும் ஒன்று இருந்தது. ஆனால் அவற்றில் சேர நீங்கள் அந்தந்த இடத்தில் படித்திருக்க வேண்டும். பிளாக்ஹீத்காரர் சில ஆண்டுகளிலேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். படித்த இடம் எதுவானாலும் ஆட வரலாம் என்றார்கள். அப்படி எவரும் சேரக்கூடியதாக அமைந்த றக்பிக் கழகங்களில் உலகிலேயே மிகப் பழையது என்ற பெயர் இன்றும் அதற்கே உரியது.

அந்த முடிவின் பெறுமதி அன்று அதை எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. 1907இல் அந்தப் பாடசாலை மூடப்பட்டது. கழகம் பழைய மாணவருக்கு மட்டும் என்று இருந்திருந்தால், புதிதாகச் சேர ஆளில்லாமல் ஒரு தலைமுறைக்குள் அதுவும் முடிந்திருக்கும். பெற்ற பாடசாலை போய்விட்டது. அது பெற்ற கழகம் இன்னும் சனிக்கிழமைகளில் சிவப்பும் கறுப்பும் கலந்த சட்டையோடு மைதானத்தில் இறங்குகிறது. வெளியாரைச் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியார் வந்து அந்தக் கழகத்தைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் உண்மை. இன்று வெளியாராக வந்து நிற்கும் நாமும் அப்படித்தான் நம்மைப் பார்க்க வேண்டும். நமக்கு யாரும் இடம் தருமம் செய்யவில்லை. ஆள் தேவைப்படும் இடத்துக்கு நாம் போகிறோம்.

இனி, நீங்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: பிள்ளைக்கு அடிபடாதா? அதற்கும் இந்தக் கழகத்தின் கதைக்குள்ளிருந்தே பதில் சொல்லலாம்.

1863 ஒக்ரோபர் 26இல் லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டவர்ன் என்ற விடுதியில் பல கழகங்கள் கூடி, எல்லாருக்கும் பொதுவான விதிகளை எழுத உட்கார்ந்தன. இன்று உலகம் ஆடும் உதைபந்தாட்டத்தின் சங்கம் அங்கேதான் பிறந்தது. பிளாக்ஹீத் அதன் நிறுவக உறுப்பினர். அதன் பிரதிநிதி பிரான்சிஸ் மோல் காம்பெல் சங்கத்தின் முதற் பொருளாளர். ஆனால் கூட்டம் கூட்டமாகப் பேச்சு நீண்டபோது இரண்டு விடயங்களில் முறுகல் வந்தது. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாமா என்பது ஒன்று. அப்படி ஓடுகிறவனின் முன்காலில் எட்டி உதைத்து நிறுத்தலாமா என்பது மற்றது. முதல் நகலில் இரண்டுக்கும் அனுமதி இருந்தது. பிறகு இரண்டையும் வெட்ட வேண்டும் என்று பெரும்பான்மை விரும்பியது. காம்பெல் பொங்கினார். கால் உதையை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் வீரமே இராது, ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரரைக் கொண்டுவந்தே உங்களைத் தோற்கடித்துவிடலாம் என்ற பொருளில் வாதாடினார். டிசெம்பரில் பிளாக்ஹீத் சங்கத்தைவிட்டு வெளியேறியது.

பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதில் காம்பெல் நின்ற பக்கம் ஒரு புதிய விளையாட்டைக் காப்பாற்றியது. கால் உதையில் அவர் நின்ற பக்கம் தவறு. அதை அவருடைய கழகத்தின் பின்னவர்களே காட்டிவிட்டார்கள். 1870 டிசெம்பரில் பிளாக்ஹீத்தின் பெஞ்சமின் பேர்ன்ஸும் ரிச்மண்ட் கழகத்தின் எட்வின் ஆஷும் சேர்ந்து 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கழகத்துக்கொரு விதியாக இருப்பதால் ஆடவே முடியவில்லை, றக்பி முறையில் ஆடுகிறவர்கள் எல்லாரும் கூடி ஒரு விதித்தொகுப்புச் செய்வோம் என்று அழைத்தார்கள். 1871 ஜனவரி 26இல் பால் மால் உணவகத்தில் 21 கழகங்கள் கூடி றக்பி ஒன்றியத்தை அமைத்தன. அந்த ஒன்றியம் எழுதிய விதிகளில் கால் உதைக்குத் தடை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எதற்காகக் கோபித்து வெளியேறினார்களோ அதையே விட்டுவிட்டார்கள்.

இதை நான் விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. றக்பியின் முரட்டுத்தனம் மேலே இருந்து யாரோ இறக்கிவைத்த கட்டளை என்று நாம் நினைக்கிறோம். பிடித்தால் இரு, பிடிக்காவிட்டால் போ என்பதுபோல. கழகத்து மனிதர்கள் உட்கார்ந்து, சண்டைபிடித்து, பிறகு மனம்மாறி எழுதிய விதிகள்தான் அவை. இன்றும் அப்படியே நடக்கிறது. தலையில் அடிபடுவது பற்றிய கவலை பெருகியதும் 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தின் ஊர்மட்ட றக்பியில் ஆளைப் பிடித்து மடக்கும் உயரத்தை நெஞ்செலும்பின் அடிக்குக் கீழே இறக்கினார்கள். பலர் எதிர்த்தார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள், ஆனாலும் மாற்றம் வந்தது. சின்னப் பிள்ளைகள் தொடக்கத்தில் ஆடுவது இடுப்பில் தொங்கும் பட்டியை இழுக்கும் ஆட்டம்; ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் ஆளைப் பிடிப்பது படிப்படியாகத் தொடங்குகிறது. உங்கள் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. பயிற்சியாளர் மறுத்துப் பேச இடமில்லை, நீங்களும் "பரவாயில்லை, ஆடட்டும்" என்று சொல்லக்கூடாது. ஆபத்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆபத்தைக் குறைக்கும் பேச்சில் பெற்றோருக்கும் இடமுண்டு என்கிறேன். காருக்குள் இருந்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

1871க்குத் திரும்புகிறேன். அதே குளிர்காலத்தில் ஸ்கொட்லாந்தின் ஐந்து கழகத் தலைவர்கள் இங்கிலாந்துக்குப் பகிரங்கமாகச் சவால் விட்டிருந்தார்கள். அதை ஏற்றுப் பதில் எழுதியது பிளாக்ஹீத்தின் பேர்ன்ஸ். மார்ச் 27இல் எடின்பரோவின் றேபேர்ன் பிளேஸ் மைதானத்தில், பக்கத்துக்கு 20 பேராக, உலகின் முதல் சர்வதேச றக்பி ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தின் தலைவர் பிளாக்ஹீத்தின் பிரெடெரிக் ஸ்ரோக்ஸ், வயது 20. ஸ்கொட்லாந்து வென்றது.

அந்த இரு நாடுகளும் இன்று மோதுவது கல்கத்தாக் கிண்ணத்துக்கு. அதன் கதை நம் பக்கத்தைச் சேர்ந்தது. 1873இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் அமைத்த கழகம் சில ஆண்டுகளில் ஆட ஆளில்லாமல் கலைந்தது. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் வைத்துக் கிண்ணம் செய்து ஒன்றியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அழகான கிண்ணம். ஆனால் ஒரு கழகம் தன் அங்கத்தவரைப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் கடைசியில் மிஞ்சுவது அதுதான். படத்தில் அதைக் காணும்போதெல்லாம், அதற்குள் உருகிப்போன கழகத்தையே நான் நினைக்கிறேன்.

பிளாக்ஹீத் கழகத்துக்குத் தொடக்கத்தில் சொந்த மைதானமே கிடையாது. பொதுப் புல்வெளியில் ஆடினார்கள். பார்க்க வந்த சனம் கோட்டைத் தாண்டி உள்ளே நெருக்கியது. பிறகு ரிச்சட்சன்ஸ் ஃபீல்ட் என்ற காணிக்குப் போனார்கள். 1881 பெப்ரவரி 19இல் வேல்ஸ் நாட்டின் முதல் சர்வதேச ஆட்டம் அங்கேதான் நடந்தது. உடைமாற்ற அறை இல்லை. பிரின்செஸ் ஒஃப் வேல்ஸ் என்ற மதுக்கடையில் உடைமாற்றிக்கொண்டு நடந்துவந்தார்கள். அந்தக் கடை இன்றும் புல்வெளியோரத்தில் இருக்கிறது, போகும்போது பாருங்கள். பிரெடெரிக்கின் தம்பி லெனார்ட் ஸ்ரோக்ஸ் தலைமையில் இங்கிலாந்து 13 ட்ரைகள் போட்டது. வேல்ஸ் ஒன்றுமே எடுக்கவில்லை. அந்த அவமானத்தின் பின் ஒரு மாதத்துக்குள், மார்ச் 12இல், நீத் ஊரில் வேல்ஸ்காரர் தங்கள் ஒன்றியத்தை முறையாக அமைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் வேல்ஸ் இங்கிலாந்தை எத்தனை முறை அழவைத்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. முதல் ஆட்டத்தில் மூக்குடைபட்ட பிள்ளையின் பெற்றோர் இதை நினைவில் வைத்திருக்கலாம்.

1883இல் சாள்ற்றன் வீதியிலுள்ள றெக்ரறி ஃபீல்டுக்குக் கழகம் மாறியது. ருவிக்கன்ஹாம் மைதானம் வருவதற்கு முன் இங்கிலாந்து அங்கே பல ஆட்டங்கள் ஆடியது. 1909 ஜனவரியில் அவுஸ்திரேலியாவிடம் 3–9 என்று தோற்றதும் அங்கேதான். கென்ற் மாகாண அணி 1971 வரை அதே புல்லில் துடுப்பாட்டம் ஆடியது. துடுப்பாட்டத்திலும் றக்பியிலும் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய அன்ட்ரூ ஸ்ரொடாட் இந்தக் கழகத்தவர். சொந்த மைதானமே இல்லாமல் அழைப்பின் பேரில் ஆடும் பார்பேரியன்ஸ் அணியை 1890இல் தொடங்கிய பேர்சி காப்மேலும் இங்கே ஆடியவர். ஷெர்லொக் ஹோம்ஸ் படித்திருப்பீர்கள். டொக்டர் வாட்சன் இளமையில் பிளாக்ஹீத்துக்கு ஆடியவர் என்று 'சசெக்ஸ் வம்பயர்' கதையில் கொனன் டொயில் எழுதியிருக்கிறார். ஊர்க்கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னால் வாசகருக்கு விளங்கும் என்று எழுத்தாளர் நம்பிய காலம் அது.

இந்தக் கழகத்தின் பெயர்களுக்குள் என் மனதைவிட்டு அகலாதவை இரண்டு. செரி பில்மன், றொபேர்ட் பில்மன், அண்ணனும் தம்பியும். 1910இல் தென்னாபிரிக்கா போன பிரித்தானிய அணியில் செரி பெரும்புகழ் பெற்றார். ஸ்கிரம்மின் ஓரத்திலிருந்து பாய்ந்து எதிராளியை மடக்கும் ஆட்டமுறைக்கு அவரை முன்னோடி என்பார்கள். 1914இல் ஸ்கொட்லாந்துடனான ஆட்டத்தில் அவருக்குக் கால் முறிந்தது. அடுத்த ஆட்டம் பிரான்ஸுடன். அண்ணனின் இடத்தில் தம்பி றொபேர்ட் இறங்கினார். நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான். ஓகஸ்டில் யுத்தம் வந்தது. 1916 ஜூலையில், அதே பிரான்ஸில், ஆர்மென்ரியேயில் றொபேர்ட் கொல்லப்பட்டார். யுத்தம் ஊர்க்கழகத்துப் பையன்களை என்ன செய்யும் என்பதை நம்மிடம் யாரும் விளக்கத் தேவையில்லை. நம் கழகங்களின் பழைய அணிப்படங்களிலும் இப்படி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காசு பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கழகங்களின் பெருமையும் குறையும் அங்கேதான் முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன. ஆடுவதற்குக் கூலி வாங்கக்கூடாது என்பது அந்தக்கால றக்பியின் தலையாய விதி. படித்த, வசதியுள்ள தென்பகுதி ஆட்களுக்கு அது எளிது. வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவன் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்யுங்கள் என்று யோர்க்‌ஷயர் கழகங்கள் 1893இல் கேட்டன. 282க்கு 136 என்ற வாக்கில் அது தோற்றது. 1895 ஓகஸ்ட் 29இல் ஹடர்ஸ்ஃபீல்டில் வடக்குக் கழகங்கள் பிரிந்துபோய், ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கத் தொடங்கின. றக்பி லீக் என்ற தனி விளையாட்டு அப்படிப் பிறந்தது. தெற்கின் பழங்கழகங்கள் நின்ற பக்கம் நியாயமானதல்ல என்றே நான் எண்ணுகிறேன். எவரும் வரலாம் என்று சொன்னவர்கள், வர வசதியில்லாதவனுக்கு வழிவிடவில்லை. பிளாக்ஹீத்தின் கதையைச் சொல்லும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1995 ஓகஸ்டில், ஒன்றிய றக்பியிலும் கூலி அனுமதிக்கப்பட்டது. பணக்காரர்கள் கழகங்களை வாங்கினார்கள். பிளாக்ஹீத்தின் பழைய எதிராளி ரிச்மண்ட் ஒரு முதலாளியின் காசில் உச்சப் பிரிவுக்கு ஏறியது. அவர் கையை எடுத்ததும் 1999இல் சரிந்தது. லண்டன் ஸ்கொட்டிஷும் அதே ஆண்டு வீழ்ந்தது. அண்மையில் 2022இல் வொஸ்ப்ஸும் வூஸ்ரரும், 2023இல் லண்டன் ஐரிஷும் கடனில் மூழ்கின. ரிச்மண்ட் எப்படி மீண்டது? அங்கத்தவர்கள் கழகத்தைக் கையிலெடுத்து, அடிமட்டப் பிரிவிலிருந்து மறுபடி ஆடத் தொடங்கினார்கள். முதலாளி போனபின் தூக்கிநிறுத்தச் சாதாரண அங்கத்தவர்கள் இருந்தார்கள். பிளாக்ஹீத்தின் பெயர் இன்று உச்சப் பிரிவில் இல்லை. 2016 முதல் அதன் முதல் அணி றெக்ரறி ஃபீல்டைவிட்டு எல்தமுக்கு வந்து ஆடுகிறது. ஆனால் கழகம் இருக்கிறது. உச்சியில் இருந்தவற்றுள் சில விழுந்துவிட்டன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். சந்தாவைக் கட்டிவிட்டுச் சேவையை எதிர்பார்க்கும் வாடிக்கையாளராக இருக்காதீர்கள். இந்தக் கழகங்களில் உங்கள் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையின் அப்பா. கோடு போடுபவரும் முதலுதவிப் பெட்டியைத் தூக்குபவரும் சட்டைகளைத் தோய்ப்பவரும் அப்படித்தான். அவர்களுக்கும் திங்கட்கிழமை வேலை இருக்கிறது. நம்மில் தாதியர் இருக்கிறார்கள், கணக்காளர் இருக்கிறார்கள், கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதலுதவிக்கும் பொருளாளர் வேலைக்கும் தேநீர் மேசைக்கும் ஆள் தேடித் திரியும் கழகங்களுக்கு இவர்களைவிட என்ன வேண்டும்? மத்தியஸ்தம் வகிக்கப் பழக ஒன்றியமே வகுப்புகள் வைக்கிறது. ஆட்டமே தெரியாமல் தொடங்கியவர்களும் அதில் படித்துத் தேறியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலர் யார் என்று முதல் வாரமே கேட்டு, அவரை நேரில் அறிந்துகொள்ளுங்கள். இது உங்கள் கடமை, யாரும் குறைநினைக்க மாட்டார்கள்.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 செப்ரெம்பரில் ருவிக்கன்ஹாமில் பெண்கள் உலகக்கிண்ண இறுதியாட்டத்தைப் பார்க்க 81,885 பேர் வந்தார்கள். இங்கிலாந்து கனடாவை 33–13 என்று வென்றது. உங்கள் மகள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆசைப்பட்டால் "பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு" என்று தயவுசெய்து தடுக்காதீர்கள்.

பருவம் முடிந்ததும் கழகங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் வைக்கும். அறிவித்தல் மின்னஞ்சலில் வரும். நாம் அநேகமாகத் திறந்தும் பார்ப்பதில்லை. இந்த ஆண்டு பாருங்கள். பெற்றோர் அங்கத்தவராகி வாக்களிக்க என்ன செய்ய வேண்டும் என்று செயலாளரிடம் கேளுங்கள். போகத் தயக்கமாக இருந்தால் எனக்குப் பக்கத்தில் வந்து இருங்கள். அடுத்த பருவத்துக்குச் சின்னப் பிள்ளைகள் பிரிவில் இரண்டு பயிற்சியாளரும் ஒரு முதலுதவியாளரும் தேவை என்று எங்கள் கழகத்தில் இப்போதே சொல்லியாயிற்று. நான் முதலுதவிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் இன்னும் காலியாக இருக்கின்றன.

அன்புடன்,
உங்களோடு கோட்டருகில் நிற்கும் ஒரு தாய்